அப்பாவின் முட்டியும் மருந்துப் பந்தும்

முருகன் துணை

படூர்,
16-11-2008, ஞாயிறு.

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு அம்மா எழுதுவது. திருப்போரூரான் தயவில் இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அவருடைய வலது முட்டி மட்டும் இன்னும் முழுதாகச் சுகத்துக்கு வரவில்லை. அங்கே நீ சுகமாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய். அதில் பாதியை நம்புகிறேன், மீதியை உன் குரலில் சளி கட்டியிருப்பதைக் கேட்டு நானே தெரிந்துகொள்கிறேன். உன் சிறுசேரி ஆபீசில் இருந்த சாருலதா வியாழக்கிழமை விமானத்தில் அங்கே புறப்படுகிறாளாமே, அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நல்ல பெண்தான், ஆனாலும் கவரை மூன்று இடத்தில் பசை போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் மேலேயே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கையெழுத்துக் கோடு விலகாமல் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பிரி. போனில் சொல்வதற்கு என்ன என்று கேட்பாய். போன் இருப்பது கூடத்தில், அப்பாவின் கட்டிலுக்கு இரண்டடி தள்ளி. நீ கூப்பிட்டபோதெல்லாம் எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று நான் சொன்னது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன், அதை உன்னிடம் சொல்லாதவரைக்கும் விளக்கின் முன்னால் உட்கார்ந்தால் மனசு நிற்கமாட்டேன் என்கிறது.

ஆபரேஷனுக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் ரகசியமாகப் பேசிக்கொண்டது உனக்கு ஞாபகம் இருக்கும். முட்டி மாற்றினால் பொறுக்க முடியாத வலி வரும், அதற்கு அபினிலிருந்து எடுக்கிற மருந்தை ஊசியாகப் போடுவார்கள், ராஜா மாதிரி தூங்கலாம் என்று எதிர்வீட்டுக்காரி சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா குடியை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. லாரியை எடுத்துக்கொண்டு போனவர் எந்தக் கோலத்தில் திரும்புவாரோ என்று கருங்குழி வீட்டில் நாம் இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தை நீ மறந்திருக்கமாட்டாய். ஆடிக் கிருத்திகையன்று திருப்போரூர் சந்நிதியில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தை இத்தனை வருஷம் காப்பாற்றினவருக்கு ஆஸ்பத்திரியே போதையை ஊசியில் ஏற்றிக் கொடுத்து, அந்த ருசி பழைய ருசியை எழுப்பிவிட்டால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வேன். அதனால்தான் உன்னிடம் அழுதேன், நீயும் அப்பாவுக்குத் தெரியாமல் டாக்டர் சதாசிவத்துக்கு அங்கிருந்து போன் போட்டுப் பேசினாய். அந்த வகை ஊசி இல்லாமலே வலியை அடக்க முடியும், சாதாரண மருந்துகளை நாலைந்தாகச் சேர்த்து வேளை தவறாமல் கொடுத்தால் போதும், அதையும் மீறிப் போனால் மட்டும் அந்த ஊசி, அதுவும் வீட்டாரைக் கேட்டுத்தான் என்று அவர் சொன்னதாக நீ சொன்னாய். நானும் சரி என்றேன். சரி என்றேனே தவிர நம்பவில்லை.

எப்படி நம்புவது சொல். தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் வியாழக்கிழமை ஆபரேஷன். எலும்பை அறுத்து உலோகத்தை வைத்துத் தைத்த காலுக்கு அவர்கள் கொடுத்தது, நமக்கு ஜுரம் வந்தால் கடையில் வாங்கிப் போடுகிறோமே, அதே வெள்ளை மாத்திரை, ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம். வீக்கம் வற்ற ஒரு மாத்திரை, சாப்பிட்ட பிறகு. வயிறு எரியாமல் இருக்க ஒன்று, வெறும் வயிற்றில். நரம்புக்கு ஒன்று ராத்திரியில். அதோடு முட்டியைச் சுற்றி ஐஸ் பை. இவ்வளவுதான். பக்கத்துக் கட்டில்காரருக்கு வேறு ஏதோ ஊசி போட்டார்கள், அவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். இவர்கள் நம்மிடம் நல்ல மருந்தை ஒளிக்கிறார்களா, இல்லை நம்மிடம் சொல்லாமல் கெட்ட மருந்தைக் கொடுக்கிறார்களா, இரண்டில் ஒன்று என்று எனக்குத் தோன்றிவிட்டது. நீ விட்டுப்போன பழைய நோட்டில் கோடு போட்டு, எத்தனை மணிக்கு என்ன மாத்திரை, எந்த நர்ஸ் கொடுத்தாள் என்று எழுதிக்கொண்டே வந்தேன். மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கிற இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அப்படியே நோட்டில் வரைந்தேன். அம்மா டீச்சரா என்று ஒரு நர்ஸ் கேட்டாள். மூன்றாம் வகுப்போடு நின்று காலண்டரைப் பார்த்துப் படிக்கக் கற்றவள் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை, கொஞ்சம் பயந்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வேளைக்கு வேளை வந்து பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்பார்கள், அப்பா ரெண்டு என்பார். மறுபடி கேட்டால் ரெண்டு. அதையும் எழுதினேன்.

அந்த ரெண்டுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. அறுத்த கால் எப்படி ரெண்டாக இருக்கும்? போன வருஷம் கதவிடுக்கில் விரல் நசுங்கியதற்கே கத்தித் தெருவையே கூட்டினவர். மூன்றாம் நாள் காலையில் நடக்கப் பழக்குகிற பெண் வந்து, முட்டிக்குப் பட்டை கட்டி, நாலுகால் தாங்கியைப் பிடிக்கவைத்து அவரை நிறுத்தினாள். நின்றவர் ஆடினார். கண் சொருகினாற்போல இருந்தது, நாக்கு குழறியது, காலு என்னுதே இல்ல போல கீதும்மா என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். செல்வி, அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்த சிரிப்பு அது.

அன்று காலையில்தான் காசிநாதன் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். உனக்குத் தெரியும், அப்பாவோடு சேர்ந்து லாரி ஓட்டினவர், சேர்ந்து குடித்தவர். இன்னா அண்ணாத்த, புது முட்டி போட்டுகினு இனிமே பந்தயத்துல ஓடுவியா என்று கேலி பண்ணிக்கொண்டு ஒரு பிளாஸ்க்கை வைத்துவிட்டுப் போனார். மோர் என்றார். நான் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன், பெருங்காயமும் கறிவேப்பிலையும்தான் மணத்தது. ஒரு வாய் குடித்தும் பார்க்கலாம் என்றால் எனக்கு அன்று சஷ்டி விரதம், பாலும் பழமும்தான். அதனால் கழுவுகிற தொட்டியில் கொட்டிவிட்டேன். பிறகுதான் என் பார்வை கட்டில் பக்கம் திரும்பியது. அப்பாவின் தொடையின் மேல்பக்கத்தில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி ஒட்டியிருந்தார்கள், அதன் மறுமுனை கட்டிலோரத்தில் ஒரு துணிப்பைக்குள் போனது. நான் அதைக் குளுக்கோஸ் என்று நினைத்திருந்தேன். பையைத் திறந்தால் உள்ளே ரப்பர் பந்து போல உருண்டையாக ஒன்று, நிறைய மருந்து. வார்டைத் துடைக்க வந்த ஏசுபாதத்தைக் கேட்டேன். அவர் வாய்க்கு வந்ததைப் பேசி நோயாளிகளைச் சிரிக்கவைக்கிறவர். அதுவா, ராஜ வைத்தியம்மா அது, சொட்டு சொட்டா எறங்கிக்கினே இருக்கும், அதான் உங்க வூட்டுக்காரர் மாமியார் வூட்ல தூங்கற மாரி தூங்குறாரு, எங்களுக்கெல்லாம் யாரு குடுப்பா என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேடிக்கைக்குச் சொன்னதை நான் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன். ஊசி போடமாட்டோம் என்று வாயால் சொல்லிவிட்டு, பந்தில் நிரப்பிக் குழாய் வழியாக விடுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். அதுவும் சஷ்டி விரத நாளில், சத்தியம் செய்து கொடுத்தவரின் உடம்புக்குள். நர்ஸைக் கேட்டிருக்கலாம், டாக்டரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் உண்மை சொல்லமாட்டார்கள் என்று நினைத்தேன். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். பத்தரை மணிக்கு, டாக்டர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, குழாயில் இருந்த வெள்ளைக் கிளிப்பை அழுத்தி மூடிவிட்டேன். மூடிவிட்டு விபூதியை எடுத்து அவர் நெற்றியில் வைத்தேன். நல்ல காரியம் செய்ததாக எனக்கு அத்தனை நிம்மதி.

ஒரு மணிக்குச் சாப்பிடும்போது பாதியில் தட்டைத் தள்ளினார். இரண்டு மணிக்குக் கட்டில் கம்பியைப் பிடித்தார். மூன்று மணிக்கு அவருடைய பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது, உதட்டைக் கடித்த இடத்தில் ரத்தம். நர்ஸ் வந்து பத்துக்கு எவ்வளவு என்றாள், நாலு என்றார். ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, இது நாலு இல்ல ஐயா, ஒழுங்கா சொல்லுங்க என்று அதட்டினாள். டியூட்டி டாக்டர் வந்தார், மாத்திரை எல்லாம் வேளைக்குக் கொடுத்திருக்கிறதா என்று கேட்டார், நான் நோட்டை நீட்டினேன், எல்லாம் சரியாக இருந்தது. அப்படியானால் வேறு வழி இல்லை, அந்த ஊசியைப் போட்டுவிடலாம் என்று என்னைப் பார்த்தார். செல்வி, எதற்குப் பயந்து நான் அந்தக் கிளிப்பை மூடினேனோ அது மருந்து ஏற்றிய ஊசியாகத் தட்டில் வந்து நின்றது, என்னாலேயே வந்து நின்றது. அப்பாதான் கையை நீட்டித் தடுத்தார். வாணாம்மா, அந்த ஊசி எனக்கு ஒத்துக்காது, பல்லைக் கடிச்சிகினு இருக்கேன், வேற இன்னா கீதோ அத்தக் குடு என்றார்.

அந்த நர்ஸ் கெட்டிக்காரி. பையைத் திறந்து பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். காலையில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இருந்தது. குழாயைத் தடவிக்கொண்டே போய்க் கிளிப்பில் நிறுத்தினாள். யார் இதை மூடினது, இதென்ன தோட்டத்துக் குழாயா என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, நான்தாம்மா, திரும்பிப் படுக்கறப்போ கை பட்டிருக்கும் என்றார். நர்ஸ் என்னையும் பார்த்தாள், அவருடைய கையையும் பார்த்தாள். உங்க கை அவ்ளோ தூரம் எட்டாது ஐயா என்று சொல்லிவிட்டு மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிடப் போனாள். அவர் வந்து குழாய் வழியாகக் கொஞ்சம் மருந்தை ஏற்றிக் கிளிப்பைத் திறந்துவிட்டார், அரை மணியில் அப்பாவின் முகம் திரும்பி வந்தது. அதன் பிறகுதான் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பல் பிடுங்கும்போது ஈறை மரக்கவைக்க ஊசி போடுகிறார்களே, அந்தச் சாதிதானாம் பந்தில் இருப்பது. அந்தத் தொடை நரம்பை மட்டும் மரக்கவைக்குமாம், புத்தியை மயக்காதாம். கால் தன்னுடையது இல்லாததுபோல் இருந்தது அதனால்தான். ஆடினதும் நாக்கு குழறினதும் இரவில் கொடுத்த நரம்பு மாத்திரையின் அசதி, வயதானவர்களுக்கு அப்படி வருமாம், அன்றைக்கே அதைப் பாதியாகக் குறைத்தார். இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் ஒரே பதிலைச் சொன்னார், மூன்றாம் தடவை நர்ஸைத் தனியாகக் கேட்டேன், அவளும் அதையே சொன்னாள்.

எல்லாரும் போன பிறகு நான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார், இன்னாமே அழுவற, நீ அத்த மூடறப்போ நான் முழிச்சிகினுதான் இருந்தேன் என்று. பின்னே ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அப்போதே கத்தியிருக்கலாமே என்று கேட்டேன். அதுக்குள்ள இன்னா ஊத்தி கீதுன்னு எனக்கு மட்டும் தெரியுமா, மூடியும் நான் ஒழுங்கா கீறத நீ பாத்துட்டேன்னா உன் மனசு ஆறும்னு இருந்தேன், ரெண்டு மணி நேரம் தாங்கிடலாம்னு கணக்குப் போட்டேன், இந்த முட்டி பேஜார் பண்ணிடிச்சி என்றார். இதை இப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளை மாத்திரை இப்போதும் வேளைக்கு ஒன்றுதான், வலிக்காவிட்டாலும் போடவேண்டும், வலி ஏறின பிறகு போட்டால் இறக்குவது கஷ்டம் என்று சொல்லியனுப்பினார்கள். ஒரு நாளைக்கு அவர்கள் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூடப் போகக்கூடாது, அது ஈரலைக் கெடுக்கும், அப்பாவுடையது ஏற்கனவே அடிபட்ட ஈரல். கடையில் விற்கிற சளி மாத்திரையிலும் அதே மருந்து கலந்திருக்கிறதாம், நான் அட்டையை வாங்கி எழுத்துக்கு எழுத்து என் நோட்டோடு ஒத்துப் பார்த்தேன், உண்மைதான். நீயும் அங்கே சளிக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று என்று இரண்டையும் சேர்த்து விழுங்காதே. ஐஸ்தான் பெரிய பாடாகிவிட்டது. இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை என்றால் நம் குளிர்பெட்டியில் ஐஸ் எங்கே கட்டும்? கோவளத்திலிருந்து மீன் கொண்டுவருகிற வேண்டா இருக்கிறாளே, அவள் கூடையிலிருந்து ஐஸ் உடைத்துத் தருகிறாள். இன்னாக்கா, விரத வூட்டுக்கு மீன் ஐஸா, உங்க முருகன் என்னைத்தான் கோச்சிக்கப் போறாரு என்று சிரிக்கிறாள். இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டித் துணி சுற்றி வைத்தாலும் நாற்றம் போகவில்லை. காலுக்கு மீன் கொழம்பு வாசனை வந்துடுச்சி, சீக்கிரம் சோறு போடு என்கிறார் அப்பா.

வெள்ளிக்கிழமை கிருத்திகை. கந்தசாமியைப் பார்க்காமல் கிருத்திகையை விட்டதில்லை, ஆனால் வீட்டில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்தவர் யார் தெரியுமா, காசிநாதன். நீங்க போயிட்டு வாங்க அண்ணி, நான் ஐஸ் வெச்சிகினு இருக்கேன் என்றார். பஸ்ஸில் கேளம்பாக்கம் வந்தபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன், கண்டக்டர் என்னைத் திட்டினார். சந்நிதியில் நின்றபோதும் நெஞ்சு வீட்டிலேயேதான் இருந்தது. வந்ததும் நேரே கட்டிலண்டை போய்க் குனிந்து மோந்து பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், பார்த்தேன். மீன் நாற்றம்தான் வந்தது. அப்பா தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு, அந்தாளு வாயையும் மோந்துட்டுப் போ, வுட்டுடாதே என்றார். காசிநாதன் நிஜமாகவே வாயைத் திறந்து காட்டினார்.

நேற்று சனிக்கிழமை தையல் பிரிக்கப் போனோம். முட்டி நன்றாக மடங்குகிறது என்று டாக்டர் சதாசிவத்துக்குச் சந்தோஷம். இடது முட்டியும் தேய்ந்துவிட்டதால் தை மாதத்தில் அதையும் செய்துவிடலாம், மருந்தெல்லாம் இதே முறைதான் என்றார். நான் முந்திக்கொண்டு, அந்த ஊசி மட்டும் கூடவே கூடாது என்று இப்போதே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். டாக்டர் அப்பாவைப் பார்த்தார், அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகு டாக்டர் சொன்னதைக் கேள். நீ போன் செய்வதற்கு ஒரு வாரம் முந்தியே, முதல் நாள் எக்ஸ்ரே படம் எடுக்கப் போனபோதே, அப்பா தனியாக அவரிடம் சொல்லியிருக்கிறார். நான் குடிச்சிக் கெட்டவன் சார், மயக்கற மருந்து எதுவும் எனக்கு வாணாம், எங்க வூட்லயும் பொண்ணும் பயந்துகினு வந்து இதையே சொல்லுவாங்க, அப்போ நீங்க புதுசாக் கேக்கற மாரி கேட்டுக்குங்க என்று. நாம் இரண்டு பேரும் அவருக்குத் தெரியாமல் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்ததைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை. எனக்கு அந்த நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

அதோடு முடியவில்லை. தை மாதத்துக்கான காகிதத்தில் இந்தத் தடவை தானே சொல்லி எழுதவைத்தார். அந்த ஊசி வேண்டாம், ஆனால் மற்றதெல்லாம் தோற்றுப்போனால் போடலாமா கூடாதா என்று என்னையே கேளுங்கள், என் வீட்டுக்காரியைக் கேட்கவேண்டாம், பெண்ணையும் கேட்கவேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வண்டியில் வரும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது அப்பா, இன்னாமே, ஒத்துக்கிறியா என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்து இறக்கினேன். ராத்திரி முழுக்க யோசித்து, இன்று காலை காப்பியைக் கொடுக்கும்போது சரி என்று சொல்லிவிட்டேன். சரி என்று சொன்ன வாயால்தான் இதை எழுதுகிறேன். சந்தேகம் போய்விட்டதா என்று கேட்டால் போகவில்லை. வலி வந்தால் மனுஷன் என்ன வேண்டுமானாலும் கேட்பான் என்று இப்போதும் உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்தத் தட்டைக் கையால் தடுத்தவர் அவர், கிளிப்பை மூடியவள் நான்.

சாருலதாவிடம் ஒரு டப்பா பருப்புப் பொடியும் திருப்போரூர் விபூதியும் கொடுத்திருக்கிறேன். விபூதியைப் பர்ஸில் வைத்துக்கொள், பனியில் தலையை மூடாமல் போகாதே, சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டரை மூடிவிடு. முருகன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல மனசும் உடைய துணையும் கொடுக்கட்டும், நீ நினைத்த காரியமெல்லாம் கைகூடட்டும் என்று நானும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்று மட்டும் மறக்காதே. தை மாதம் நீ டாக்டருக்குப் போன் செய்யக்கூடாது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அப்பாவிடமே கேள், அவர் சொல்வார். ஆபரேஷனுக்கு முதல் நாள் எனக்குப் பயம் வந்து, டாக்டரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடு கண்ணு என்று நானே உன்னைக் கூப்பிட்டு அழுதாலும் அழுவேன். அப்போது என்னை நம்பாதே.

இப்படிக்கு,
உன் நலத்தையே வேண்டிக்கொண்டிருக்கும் அம்மா,
எ. வசந்தா